மரம் மண்ணுக்கு என்ன கொடுத்தது? நம்ம கரையோர மண்ணின் கதை

கூட்டமைப்பு மலருக்கு யார் யார் என்ன எழுதுறதுன்னு பேச்சு வந்தப்ப, சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க, நான் மண்ணைப் பற்றி எழுதுறேன்னு சொன்னேன். சிலர் சிரிச்சாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம காரைக்கால் கரையில் குழி வெட்டி, கன்று வச்சு, குடத்தில் தண்ணி தூக்கி ஊத்தினது பெரும்பாலும் பெண்கள்தான். "எத்தனை கன்று நட்டீங்க?"ன்னு எல்லாரும் கேட்பாங்க. கொஞ்சம் அக்கறை உள்ளவங்க "எத்தனை பிழைச்சுது?"ன்னு கேட்பாங்க. நட்ட மரம் தன் காலடி மண்ணுக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டவங்க ரொம்பக் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கிட்டேன்.

நம்ம மாவட்டம் சின்னது. கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர் கடற்கரை. நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் வயல்ல இறங்கினா காவிரி கொண்டுவந்து போட்ட களிமண் காலில் அப்பிக்கும். மண்டபத்தூர், கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கம் போனா மணல் காலில் ஒட்டாம உதிர்ந்திடும். அரசலாறு, திருமலைராஜனாறு கடலைத் தொடுகிற முகத்துவாரங்களில் ரெண்டும் இல்லை, உப்புச் சேறு. ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிச்சா மூணு விதமான மண்ணைப் பார்த்துடலாம். மணல் தண்ணியையும் பிடிச்சு வைக்காது, சத்தையும் பிடிச்சு வைக்காது. களி ரெண்டையும் பிடிச்சுக்கும், உப்பு வந்தா அதையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க, பின்னால உதவும்.

பிரெஞ்சுக்காரங்க 1739இல் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து காரைக்காலை வாங்கினாங்க. 1954 நவம்பர் 1 அன்னைக்கு நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. இருநூறு வருஷத்துக்கும் மேல இங்கே கொடிதான் வேற. வயலுக்கு வந்த சத்து எல்லாருக்கும் போல ஆத்துத் தண்ணியில்தான் வந்தது. ஆடியில் புதுத் தண்ணி வரும்போது செக்கச்செவேல்னு வரும்னு நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தச் சிவப்புதான் வண்டல், வயலுக்கு இலவச உரம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிஞ்சதும் தண்ணிக்கு ஒரு ஒழுங்கு வந்தது உண்மை. ஆனா வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிய ஆரம்பிச்சது. கடைமடையான நமக்குத் தண்ணியே கடைசியாத்தான் வரும், வண்டலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வண்டல் போக மீதியை மரமும் ஆடுமாடும் கொடுத்தது. உர மூட்டை வருவதுக்கு முன்னாடி பூவரசு, புங்கன், வேம்பு, எருக்கு, கொழிஞ்சி எல்லாத்தையும் கழிச்சுக் கட்டுக்கட்டா சுமந்து வந்து சேத்தில் மிதிச்சாங்க. சுமந்தது யார்னு சொல்லத் தேவையில்லை. அறுப்பு முடிஞ்சா கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுவாங்க. கிடை போட்ட இடம் அடுத்த சம்பாவில் தனியாத் தெரியும். மத்த இடம் வெளிர் பச்சை, கிடை போட்ட இடம் கரும்பச்சை. ஒரே வயலுக்குள்ளே மண் ஒரே மாதிரி இருக்காதுங்கறதை நம்ம ஆளுங்க எந்தப் புத்தகமும் படிக்காம கண்ணாலேயே கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க.

இனி சவுக்குக்கு வருவோம். நம்ம கரையில் அதைப் பார்த்துப் பழகினதால இந்த ஊர் மரம்னே நினைச்சுக்கிறோம். அது தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா பக்கத்துக் கடலோர மரம். 1860களில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேணும்னு ஆங்கிலேயர் கார்வார் கரையிலும் சென்னை மாகாணக் கரையிலும் நட்டுப் பரப்பினாங்க. வெறும் மணலில் வேற எதுவும் வராத இடத்தில் இது மட்டும் எப்படி வளருது? அதோட வேரைத் தோண்டிப் பார்த்தா சின்னச் சின்ன முடிச்சு கொத்துக்கொத்தா இருக்கும். அதுக்குள்ளே பிராங்கியான்னு ஒரு நுண்ணுயிர் குடியிருக்குது. காத்தில் இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு மரத்துக்குக் கொடுக்கும். உளுந்து, பயறு வேரில் ரைசோபியம் செய்யிற அதே வேலை. மணலில் தழைச்சத்து கிடையாது, அதனால தன் சோத்தைத் தானே பொங்கிக்கிற மரம் அங்கே ஜெயிக்குது.

அப்படின்னா சவுக்கு நட்ட மணல் வருஷம் போகப்போக வளமாகணுமே? ஆகும், சருகை விட்டு வச்சா. மரம் எடுத்த சத்து சருகு வழியாத்தான் மண்ணுக்குத் திரும்பும். சவுக்குச் சருகு சீக்கிரம் மக்காது. மெத்தை மாதிரி கிடந்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் மட்கும். நாம என்ன செஞ்சோம்? விளக்குமாறை எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டினோம். எங்க அம்மா விடியக்காலையில் கூட்டி, சாக்கில் திணிச்சு, தலையில் தூக்கி வந்ததை நான் பார்த்திருக்கேன். அந்த வீட்டில் அடுப்பெரிஞ்சது அதனாலதான், அதைக் குத்தம்னு யாரும் பேச முடியாது. ஆனா சாக்குச் சாக்கா வெளியே போனது சருகு மட்டும் இல்லை, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் சேர்ந்து போச்சு. போதாததுக்கு நாலஞ்சு வருஷத்தில் மரத்தை வெட்டிப் பந்தல் காலுக்கும் காகித ஆலைக்கும் அனுப்பினோம். கட்டையில் சத்து குறைவு. இலையிலும் பட்டையிலும் சின்னக் கிளையிலும்தான் அதிகம். கட்டையை வித்துட்டு இலை தழையை அங்கேயே போட்டா மண் பிழைக்கும். வேரையும் பறிச்சு, தழையையும் கூட்டி எடுத்தா அடுத்த நடவு வெறும் மணலில்தான். இப்ப பாதி வீட்டுக்கு மேல கேஸ் அடுப்பு வந்தாச்சு. சிலிண்டர் விலை ஏறுகிறப்ப மறுபடி விளக்குமாறு வெளியே வருது. மண் வளம்னு பேசுறவங்க இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசணும்.

முகத்துவாரச் சேற்றின் கதை வேற. அரசலாற்று முகத்துவாரத்தில் இருக்கிற கண்டல் செடிகளைப் பார்த்திருப்பீங்க. அலையாத்தின்னும் சொல்றோம். வேர் சேத்துக்கு மேலே ஆணி அடிச்ச மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த வேருக்கு நடுவே தண்ணி வேகம் குறையும், குறைஞ்ச இடத்தில் களிமண் படியும், களியோட சத்தும் படியும். உதிர்ந்த இலையை நண்டு இழுத்துட்டுப் போய் வளைக்குள்ளே வைக்கும். காத்துப் போகாத சேறு, அதனால மட்குறது மெதுவா நடக்கும். கரிமச்சத்து வருஷக்கணக்கா உள்ளேயே தங்கும். காலை வச்சா அழுகின முட்டை நாத்தம் வருதில்லையா, அது சேறு கெட்டுப்போனதால இல்லை. காத்தில்லாத சேத்தில் கந்தகத்தை வச்சு உயிர் வாழுற நுண்ணுயிர்கள் விடுற மூச்சு அது.

அந்தக் காட்டை அழிச்சா மண் என்ன ஆகும்ங்கறதுக்கு நமக்கு வடக்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிற பிச்சாவரத்தைப் பார்க்கணும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அங்கே காட்டைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு, வருஷத்துக்கு ஒரு பாத்தின்னு மொத்தமா வெட்டி எடுத்தாங்க. வெட்டின இடம் தானா முளைச்சு வந்துடும்னு நம்பினாங்க. முளைக்கலை. காரணத்தைப் பின்னால்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. நிழல் போனதும் வெயில் நேரா சேத்தில் விழுந்தது. ஈரம் வத்தினதும் சேறு சுருங்கித் தாழ்ந்து தாம்பாளம் மாதிரி குழிஞ்சது. கடல் ஏத்தத்தில் தண்ணி உள்ளே வரும், வத்தத்தில் வெளியே போகாது. தேங்கின தண்ணி ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். வருஷா வருஷம் உப்பு ஏற ஏற, உப்பிலேயே பிறந்து வளர்ற கண்டல் விதைகூட அங்கே செத்துப்போச்சு. பாத்தியின் நடுவில் பொட்டல், வாய்க்கால் ஓரத்தில் மட்டும் பச்சை. சில அடி தூரத்தில் இவ்வளவு வித்தியாசம்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் அந்த ஊர் மக்களோடும் சேர்ந்து அங்கே வேலை செஞ்சது. அவங்க முதலில் கன்று நடலை, வாய்க்கால் வெட்டினாங்க. மீன் முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால். அலைத் தண்ணி வரவும் போகவும் வழி கிடைச்சதும் உப்பு குறைஞ்சது, அப்புறம்தான் செடி. இதே முறை தெற்கே முத்துப்பேட்டையிலும் நடந்தது. என்னைக் கேட்டா, தமிழ்நாட்டுக் கரையில் நடந்த மரநடவுக் கதைகளில் நாம முதலில் படிக்க வேண்டியது இதுதான். மரம் ஏன் வரலைன்னு மண்ணைக் கேட்டுட்டு, அதுக்குப் பிறகு மண்வெட்டியை எடுத்தாங்க.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி நம்ம ஊருக்குப் புதுசா எழுத ஒண்ணுமில்லை. இந்த மலரைக் கையில் வச்சிருக்கிறவங்களில் எத்தனையோ வீட்டில் அன்னைக்கு இழந்தவங்க படம் மாட்டியிருக்கும். பல குழுக்கள் அதுக்குப் பிறகு பிறந்ததுதான். நான் சொல்ல வர்றது மண்ணுக்கு நடந்ததைப் பற்றி. கடல் தண்ணி வயலில் ஏறி நின்னதும் இனி பல வருஷம் எதுவும் விளையாதுன்னு பேச்சு பரவிச்சு. நடந்தது வேற. மணல் நிலத்தில் உப்பு மழையோட சீக்கிரம் கீழே இறங்கிடுச்சு. 2005 ஐப்பசி கார்த்திகையில் கொட்டின மழை பெரும்பாலான வயல்களைக் கழுவிக் கொடுத்தது. களிமண்ணும் பள்ளமுமான இடங்கள்தான் பாடுபட்டது. ஒரே கொல்லையில் மேட்டுப்பக்கம் நாத்து பச்சை பிடிச்சு நிக்கும், பள்ளத்தில் நுனி கருகி நிக்கும்.

அப்ப விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இன்னைக்கும் செல்லும். வரப்பை உசத்தி மழைத் தண்ணியைத் தேக்கி, வடிகால் வழியா வடிச்சு விடணும். தக்கைப்பூண்டு விதைச்சு, 45 நாளில் பூ எடுக்கிறப்ப மடக்கி உழணும். அது உப்பையும் தாங்கும், தண்ணி நின்னாலும் தாங்கும், வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். அதுக்கப்புறம் திருச்சி 1 மாதிரி உப்பு தாங்குற நெல். இங்கே ஒரு விஷயம். உவர் மண்ணும் களர் மண்ணும் ஒண்ணு இல்லை. உவர்னா கரையிற உப்பு அதிகம், நல்ல தண்ணி விட்டுக் கழுவினா போகும். களர்னா சோடியம் களிமண்ணோடயே ஒட்டிக்கிட்டிருக்கு, அதுக்கு ஜிப்சம் போட்டுப் பிரிச்சாத்தான் கழுவ முடியும். உவர் மண்ணுக்கு ஜிப்சம் வாங்கிப் போட்டா காசுதான் கரையும். மண்ணைச் சோதிக்காம கண்ணால மட்டும் பார்த்து ரெண்டையும் பிரிக்கிறது கஷ்டம்.

சுனாமிக்கு அடுத்து வந்தது நடவுக் காலம். தமிழ்நாட்டுக் கரையிலும் நம்ம கரையிலும் சவுக்கு நட்டுத் தள்ளினாங்க. அதுக்கு நியாயமும் இருந்தது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ஞ்சு 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, கண்டல் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவுன்னு சொன்னது. ஊர் இருந்த மேடும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம்னு வேற ஆய்வாளர்கள் எதிர்த்தும் எழுதினாங்க. நட்ட கைகளுக்கு இந்த வாதம் எதுவும் வந்து சேரலை. அலையடிக்கிற மணல்மேட்டிலேயே குழி வெட்டச் சொன்னாங்க, வெட்டினோம். அந்த மணல்மேட்டில் ஏற்கெனவே அடம்புக்கொடியும் இராவணன் மீசையும் இருந்தது. அதை யாரும் காடுன்னு மதிக்கலை. மண்ணுக்கு அதுங்க பெரிசா சத்து சேர்க்காதுதான். ஆனா மணலைப் பிடிச்சு மேடு கட்டுறது அதுங்கதான், அந்த மேட்டுக்கு அடியில்தான் நல்ல தண்ணி ஊற்று. பங்குனி ஆமை முட்டையிட வர்றதும் அந்தத் திறந்த மணலுக்குத்தான். வெட்டவெளி எல்லாம் வெறும் வெளி இல்லை.

சீமைக்கருவேலத்தையும் விட்டுட முடியாது. 1877இல் ஆந்திரத்துக் கடப்பைப் பக்கம் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டாங்க. இன்னைக்கு அதைத் திட்டாத ஊர் இல்லை. நானும் திட்டுவேன், வாய்க்காலை அடைக்குது, முள் காலைக் கிழிக்குது. ஆனா நியாயமாச் சொல்லணும். மண்ணைச் சோதிச்சுப் பார்த்த இடங்களில், அது நிக்கிற நிழலுக்கு அடியில் தழைச்சத்தும் கரிமச்சத்தும் வெளியே இருக்கிறதை விட அதிகம்னுதான் தெரிஞ்சுது. வடக்கே கர்னாலில் இருக்கிற மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் முளைக்காத களர் நிலத்தில் இதை நட்டு, மண்ணின் காரத்தன்மையைக் குறைச்சுக் காட்டியிருக்கு. அதனால வளர்த்துக்கலாம்னு நான் சொல்லலை. வேரோட பிடுங்கி எறிஞ்ச இடத்தைச் சும்மா போட்டா, அது சேர்த்து வச்ச சத்து ரெண்டு மழையில் கழுவிக்கிட்டுப் போகும். முளைக்கிறதும் மறுபடி அதுவாத்தான் இருக்கும். பிடுங்கின ஈரத்தோடயே தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ விதைக்கணும், புங்கன், பூவரசு வைக்கணும்.

இதெல்லாம் நம்ம ஊர்க் கஷ்டம் மட்டும் இல்லை. சீனாவில் மஞ்சள் ஆற்றுப் பக்கம் மண் கரைஞ்சு ஓடுற மேட்டுநிலத்தில் 1999 முதல் சரிவு வயல்களை எல்லாம் மரமாவும் புல்லாவும் மாத்துனாங்க. தழைச்சத்து சேர்க்கிற ஒரு வகை மரத்தை நிறைய நட்டாங்க. மண்ணில் சத்து ஏறிச்சு, ஆனா ஆழத்தில் இருந்த ஈரத்தை மரம் உறிஞ்சிடுச்சு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் தொடங்கினது 1968இல். அப்ப அந்தச் செம்மண் மேடு மழைக்கு அரிச்சுப் பொட்டலாக் கிடந்தது. முதலில் வரப்பு போட்டு மழையை நிறுத்தினாங்க. கத்திச்சவுக்கு மாதிரி சீக்கிரம் வளர்ற மரங்களை வச்சு நிழலும் சருகும் சேர்த்தாங்க. அந்த நிழலுக்கு அடியில்தான் இந்த மண்ணுக்கே உரிய காட்டு மரங்கள் எழுந்தது. முதல் மரம் அடுத்த மரத்துக்கு மண் தயார் பண்ணிக் கொடுத்துட்டு ஒதுங்கினது. நம்ம கரையில் முதல் மரத்தையே திரும்பத் திரும்ப நட்டு, திரும்பத் திரும்ப வெட்டுறோம்.

2015இல் மண்வள அட்டை வந்தது. பன்னிரண்டு விஷயங்களைச் சோதிச்சு எழுதிக் கொடுக்கிறாங்க, நல்ல காரியம். ஆனா பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரின்னுதான் ஆரம்பிச்சாங்க. நம்ம கணக்கில் ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு. நம்மில் பலருக்கு இருக்கிறதே ரெண்டு மா, மூணு மா. பத்துப் பேர் நிலத்து மண்ணைக் கலந்து சோதிச்ச அட்டை என் கொல்லைப் பள்ளத்தைப் பற்றி எனக்கு என்ன சொல்லும்? மாதிரி எடுக்கிற விதியில் மரநிழல், வரப்போரம், எருக்குழி பக்கம் எடுக்காதீங்கன்னு இருக்கும். அதுவும் சரிதான், அந்த இடத்து மண் வேற மாதிரி இருக்கும்ங்கறதாலதான் அப்படி. ஆனா மரம் மண்ணுக்கு என்ன செஞ்சுதுன்னு தெரியணும்னா, விதியில் வேண்டாம்னு சொன்ன அதே இடத்தில்தான் தனியா எடுத்தாகணும்.

அடுத்த மழைக்கு முன்னாடி கரையோரக் குழுக்களுக்கு மறுபடி நடவு வேலை வரும். கன்று எது, இடம் எதுன்னு எழுதின காகிதத்தோட யாராவது வருவாங்க. அப்ப கேட்க வேண்டியதை இப்பவே கூட்டமைப்புத் தீர்மானமா எழுதி வச்சுக்கலாம்ங்கறது என் எண்ணம். மணல்மேட்டில் கொடியை அழிச்சு சவுக்கு வேண்டாம், அதுக்குப் பின்னால் உள்ள மணலில் வைக்கலாம். சவுக்கோட நடுவில் புன்னை, பனை, புங்கன் வரிசை வேணும். முகத்துவாரத்தில் கன்றுக்கு முன்னாடி தண்ணி வந்து போகுதான்னு பார்க்கணும். வெட்டுறப்ப கட்டை மட்டும் வெளியே போகணும். சருகு கூட்டுறதுக்கு முழுத் தடை போட்டா ஏழை வீட்டு அடுப்பில்தான் கை வைக்கிறோம். அதனால வரிசை மாத்தி வரிசை கூட்டலாம், இந்த வருஷம் கூட்டின வரிசையை அடுத்த வருஷம் தொடக்கூடாது.

மண் மாதிரியை நடுறதுக்கு முன்னாடி ஒரு தடவையும், மூணு வருஷம் கழிச்சு அதே இடத்தில் ஒரு தடவையும் எடுக்கணும். மேடு ஒண்ணு, பள்ளம் ஒண்ணு, மரத்தடி ஒண்ணு, வெளி ஒண்ணு, நாலையும் கலக்கவே கூடாது. மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிட்டு, வி எழுத்து மாதிரி அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே சீராச் சுரண்டணும். ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைஞ்சு குழி எடுத்து, அந்த இடத்து மண்ணை மட்டும் கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளித் தள்ளி அரைக்கிலோ வர்ற வரைக்கும் குறைக்கணும். நிழலில் உலர்த்தணும், உரச் சாக்கில் மட்டும் போட்டுடாதீங்க. சோதனைக்கு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, செருமாவிலங்கை வேளாண் கல்லூரியிலோ கேளுங்க. துணிப்பைக்குள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ஊர், இடம், பக்கத்து மரம் எது, அதிலிருந்து எத்தனை அடி, தேதி, எல்லாத்தையும் பென்சிலால் எழுதுங்க. பேனா மை ஈரத்தில் ஓடிடும்.